கடைமடையின் கணக்கு: ஜோதிராவ் புலேவும் கால்வாய்த் தண்ணீரும்

1868ஆம் ஆண்டில் புணே நகரின் கஞ்ச் பேட்டையிலிருந்த தமது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஜோதிராவ் புலே மகர், மாங் மக்களுக்குத் திறந்துவிட்டார். அன்றைய புணேயில் தொட்டி என்பது சாதாரணப் பொருளன்று. பெஷ்வாக்கள் காலத்தில் காத்ரஜ் குன்றடியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக நகருக்குள் நீர் கொண்டுவரப்பட்டு, ஆங்காங்கே ஹவுது எனப்படும் தொட்டிகளில் தேக்கப்பட்டது. எந்தத் தொட்டியில் யார் குடம் வைக்கலாம், யார் எட்டி நின்று பிறர் ஊற்றக் காத்திருக்க வேண்டும் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. தோட்டக்காரச் சாதியில் பிறந்த ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் அந்த விதியைக் கைவிட்டார். மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்குவதற்கு 59 ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது.

புலேவைப் பற்றித் தமிழில் வந்துள்ள கட்டுரைகள் பெரும்பாலும் இந்தத் தொட்டியோடு தண்ணீர்க் கதையை முடித்துக்கொள்கின்றன. பெண்களுக்குப் பள்ளி திறந்தவர், சத்திய சோதக் சமாஜத்தை நிறுவியவர், அம்பேத்கர் தம் ஆசான்களாக ஏற்ற மூவருள் ஒருவர் என்று அவரை அறிமுகப்படுத்துவதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அணைக்குக் கட்டுமானப் பொருள் தந்த ஒப்பந்தக்காரராகவும், 60 ஏக்கர் நிலத்தில் பயிர் செய்த குடியானவராகவும், வாய்க்காலில் விடப்படும் நீர் கடைசி வயலை ஏன் எட்டுவதில்லை என்று வினவியவராகவும் அவர் வாழ்ந்திருக்கிறார். குடிநீர்த் தொட்டியில் அவர் எழுப்பிய வினாவும் பாசன மதகில் அவர் எழுப்பிய வினாவும் ஒன்றே: திறக்கவும் மூடவும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

அவர் 1827 ஏப்ரல் 11 அன்று பிறந்தார். பெஷ்வா ஆட்சி வீழ்ந்து அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. குடும்பத்தின் பூர்விகம் சாத்தாரா மாவட்டத்துக் காட்குண். அங்கிருந்து சாஸ்வட் அருகிலுள்ள கான்வடிக்கும், பின்னர் புணேக்கும் அவர்கள் நகர்ந்தனர். கோர்ஹே என்பது பழைய குடும்பப் பெயர். பெஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூ அளித்ததால் புலே என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தாய் சிம்னாபாய் இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்தார். தந்தை கோவிந்தராவுக்குக் காய்கறிக் கடையும் தோட்ட நிலமும் இருந்தன. தொடக்கப் பள்ளியைச் சிறுவன் முடித்ததும், படித்தால் பிள்ளை தோட்டத்துக்கு உதவமாட்டான் என்று கடையில் கணக்கெழுதிய பார்ப்பனர் ஓதியதைக் கேட்டு, தந்தை அவனை மண்வெட்டியோடு வயலுக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டு முன்ஷி கஃபார் பேக்கும் லிஜித் என்ற ஆங்கிலேயரும் எடுத்துச் சொல்லி, 1841இல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் சேர்த்த கதையை எல்லா வாழ்க்கை வரலாறுகளும் சொல்கின்றன.

அந்த இடைவெளி ஆண்டுகளை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். மாளி சாதியினரின் தொழில் தோட்டப் பயிர். தக்காணத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த சோள, கம்பு நிலம். அதன் நடுவே கிணற்று நீரைக் கமலை பூட்டி இறைத்து, பாத்தி பிரித்து, வாய்க்கால் வெட்டிக் காய்கறியும் பூவும் விளைவித்தவர்கள் மாளிகள். எருது ஒரு முறை சால் இழுத்தால் வரும் நீர் எத்தனை பாத்திக்குப் பாயும், மடையை எந்த நேரம் மண் தள்ளி அடைத்து அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. சற்றுத் தாமதித்தால் ஒரு பாத்தி அழுகும், அடுத்த பாத்தி காயும். நீர் அளவின்றி ஓடுவதைப் பிற்காலத்தில் புலே பொறுக்க முடியாமல் எழுதியதற்கு வேர் இந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்பது என் ஊகம்.

1848இல் பார்ப்பன நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் சாதி சொல்லி அவமதிக்கப்பட்டது, அதே ஆண்டில் சாவித்திரிபாயுடன் பெண்கள் பள்ளி தொடங்கியது, 1849இல் தந்தையின் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது, உஸ்மான் ஷேக், பாத்திமா ஷேக் வீட்டில் அடைக்கலம் புகுந்தது, மகர், மாங் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது, 1863இல் விதவைத் தாய்மாருக்கும் அவர்களின் குழந்தைகளுக்கும் காப்பகம் திறந்தது ஆகியவை இந்தத் தளத்தின் வாசகர்கள் அறிந்தவையே. அவற்றைத் தாண்டி நேராக அணைக்கட்டுக்கு வருகிறேன்.

புணேக்குத் தென்மேற்கே கடக்வாஸ்லாவில் முத்தா ஆற்றின் குறுக்கே கல் அணை கட்டும் பணி 1869இல் தொடங்கியது. நகருக்கும் கிர்க்கி ராணுவக் குடியிருப்புக்கும் குடிநீர் தருவதும், ஆற்றின் கிழக்குப் பகுதி வறண்ட நிலங்களுக்குக் கால்வாய் வெட்டுவதும் திட்டம். வகுத்தவர் ராணுவப் பொறியாளர் கர்னல் ஃபைஃப். தேங்கிய ஏரிக்கும் அவர் பெயரையே சூட்டினர். வலதுகரைக் கால்வாய் புணே நகரை ஊடறுத்து, ஹடப்சர் வழியாகக் கிழக்கே 100 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு பாடஸ் பகுதிவரை சென்றது. பணிகள் நிறைவுற ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின.

இந்தக் கட்டுமானத்துக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தக்காரர்களில் ஒருவராக 1870களில் புலே இருந்தார். காத்ரஜ் கணவாய்ச் சுரங்கப் பாதைக்கும் எரவாடா சிறைக்கும் ஆள் வழங்கும் ஒப்பந்தங்களையும் எடுத்தார். உலோக வார்ப்புக் கருவிகள் விற்கும் வணிகம் ஒன்றும் 1863 முதல் அவருக்கு இருந்தது. இந்த வருமானம்தான் பள்ளிகளையும் காப்பகத்தையும் இயக்கத்தையும் தாங்கியது. சமூகப் போராளி அரசு ஒப்பந்தம் எடுக்கலாமா என்று சங்கடப்படும் தோழர்களைக் கூட்டங்களில் சந்தித்திருக்கிறேன். புரவலர் எவரையும் அண்டாமல் நின்ற சூத்திரர் ஒருவருக்கு அன்றைய புணேயில் வேறு என்ன வழி இருந்தது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தக்காரராக அவர் கண்டது முக்கியமானது. மேலே வெள்ளைப் பொறியாளர், கீழே கல்லுடைப்பவரும் மண் சுமப்பவரும், இடையில் வருகைப் பதிவேட்டையும் அளவுப் புத்தகத்தையும் வைத்திருக்கும் பார்ப்பன எழுத்தர்கள். கூலி நாள் எத்தனை, தோண்டிய மண் எத்தனை கன அடி என்பதைப் பதிவேடுதான் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாள் அதை மறுக்க முடியாது. 1873இல் வெளிவந்த குலாம்கிரி நூலில் பொறியியல் துறை எழுத்தர்களின் தில்லுமுல்லுகளைப் பற்றி ஒரு பவாடாப் பாடலையும் புலே சேர்த்தார். பவாடா வீரர்களின் புகழ் பாடும் வடிவம். அதை எடுத்துப் பொதுப்பணித் துறையின் கணக்குப் புத்தகத்தைப் பாட வைத்தவர் அவர். நூல் வெளிவந்த அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று சத்திய சோதக் சமாஜம் தோன்றியது.

பின் வந்த ஆண்டுகள் தக்காணத்தை உலுக்கின. 1875 மே மாதம் புணே மாவட்டத்துச் சுபாவில் குடியானவர்கள் வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கைப்பற்றிக் கொளுத்தினர். 1876இல் மழை பொய்த்தது. 1878வரை நீண்ட பஞ்சத்தில் தக்காணத்திலும் சென்னை மாகாணத்திலும் இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தனர். சமாஜத்தினர் தனகவடியில் பஞ்சக் குழந்தைகளுக்கு உணவளிக்கும் இல்லத்தை நடத்தினர். சாவித்திரிபாய் அதில் முன்னின்று உழைத்தார். 1876இல் புணே நகராட்சி உறுப்பினராக நியமிக்கப்பட்ட புலே 1883வரை அப்பொறுப்பில் இருந்தார். வைஸ்ராய் லிட்டனின் வருகைக்காக 1,000 ரூபாய் செலவிடும் முடிவை உறுப்பினர் 32 பேரில் அவர் ஒருவரே எதிர்த்தார்.

பஞ்சம் முடிந்த கையோடு 1879இல் இரு சட்டங்கள் வந்தன. ஒன்று, கடன்பட்ட குடியானவர்களுக்கான தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம். வரலாற்றுப் பாடங்களில் இது இடம்பெறுகிறது. மற்றொன்று பம்பாய் பாசனச் சட்டம். சட்டம் படித்தவர்கள்கூட இதை அதிகம் திறந்து பார்ப்பதில்லை. கால்வாய் நீரின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் அரசின் கையில் வைத்த சட்டம் அது. நீர் வேண்டுவோர் கால்வாய் அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். வாய்க்காலில் அனுமதியின்றி நீர் எடுத்தவர் யாரென்று தெரியாவிட்டால், அந்நீரால் பயனடைந்த நிலத்துக்காரர் மீது பொறுப்பு விழும். அதுவும் தெரியாவிட்டால், வாய்க்காலைப் பயன்படுத்துவோர் எல்லோரும் கூட்டாகச் செலுத்த வேண்டும். இன்னொரு பிரிவு இன்னும் விந்தையானது. கால்வாயிலிருந்து 200 கஜத் தொலைவுக்குள் இருக்கும் சாகுபடி நிலத்துக்குக் கசிவு நீரால் பாசனத்துக்கு இணையான பயன் கிடைக்கிறது என்று அதிகாரி கருதினால், அதற்கும் தண்ணீர்த் தீர்வை விதிக்கலாம். அந்தத் தொலைவுக்குள் வெட்டிய கிணற்றுக்கும் இது பொருந்தும். அரசின் கால்வாய் ஒழுகினால், ஒழுகியதற்கும் குடியானவர் பணம் கட்ட வேண்டும் என்பது இதன் சுருக்கம்.

மறுபுறம், பணம் கட்டியவருக்கு உரிய நாளில் நீர் வரவில்லையென்றால்? தீர்வையில் தள்ளுபடி கேட்கலாம். கருகிய பயிருக்கு ஈடு கிடைப்பது அரிது. கடமை முழுதும் ஒரு பக்கமும் அதிகாரம் முழுதும் மறுபக்கமும் இருக்கும் இத்தகைய சட்ட ஏற்பாட்டைக் காலனிய நிர்வாகம் சிறப்பாக எழுதத் தெரிந்து வைத்திருந்தது. நமக்கு மிச்சம் வைத்துப்போன சொத்துகளில் அதுவும் ஒன்று.

புலேவின் நிலம் மாஞ்சரியில் இருந்தது. முத்தா கால்வாயின் பாசனப் பகுதிக்குள் வரும் ஊர் அது. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அளித்த மனுவில் அவர் தம்மை வணிகர், விவசாயி என்றே குறிப்பிட்டுக்கொண்டார். ஆகவே அணை கட்டும் பக்கமும், அதன் நீருக்காகக் காத்திருக்கும் பக்கமும் அவருக்குத் தெரிந்திருந்தன. 1883இல் எழுதி முடித்த ஷேத்கர்யாச்சா ஆசூட், அதாவது குடியானவரின் சாட்டை, இந்த இரட்டை அனுபவத்திலிருந்து பிறந்த நூல்.

அந்நூலில் கால்வாய்த் துறையின் மீது அவர் வைத்த குற்றச்சாட்டு மிகத் துல்லியமானது. கடன் வாங்கி அணையும் கால்வாயும் கட்டிய அரசு அதற்கான வட்டியைக் குடியானவர் தலையில் ஏற்றுகிறது. தீர்வையைத் தவறாமல் வாங்குகிறது. ஆனால் வாங்கிய பணத்துக்கு உரிய நீர் வயலுக்கு வந்ததா என்று பார்ப்பதைத் தன் வேலையாகக் கருதவில்லை. மேலதிகாரிகள் சுகவாசத்தில் இருக்கிறார்கள். கீழ்மட்ட ஊழியர் நினைத்த நேரத்தில் நீரைத் திறக்கிறார்கள், நினைத்த நேரத்தில் அடைக்கிறார்கள். பயிர் கருகியபின் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. இதற்கு அவர் முன்வைத்த மாற்று, ஒவ்வொருவரின் நிலத்துக்கும் தேவையான அளவைக் கணக்கிட்டு, அந்த அளவு மட்டும் செல்லும்படி குழாய் பொருத்தித் தர வேண்டும் என்பது. இத்தனை செலவில் அணை கட்டத் தெரிந்த பொறியாளர்களுக்கு இந்தச் சிறிய வேலை ஏன் தோன்றவில்லை என்பது அவருடைய கேள்வி.

இந்தக் கேள்வியின் கூர்மை புரிய, வாய்க்கால் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். அன்றைய தக்காணக் கால்வாய்களில் தீர்வை ஏக்கருக்கும் பயிருக்கும் ஏற்ப வசூலிக்கப்பட்டது, நீரின் அளவுக்கு ஏற்ப அன்று. பெரிய கால்வாயிலிருந்து கிளை பிரியும் இடத்தில் மதகு இருக்கும். அதன்கீழ் வயல் வாய்க்கால்கள் வெறும் மண் வெட்டுகள். தலைமடைக்காரர் தம் வரப்பைக் கொத்திவிட்டால் நீர் அவர் வயலில் நிற்கும்வரை நிற்கும். எவ்வளவு எடுத்தாலும் ஏக்கருக்கு அதே தீர்வை என்றால் குறைத்து எடுக்க அவருக்குக் காரணமே இல்லை. வாய்க்கால் நீள நீள மண் குடிப்பதும் ஆவியாவதும் கூடும். தலைமடை நிலம் நீர் தேங்கிச் சவுடாகும். கடைமடை நிலம் வெடிக்கும். மதகடியில் நிற்கும் ஊழியரோடு உறவோ, சாதியோ, காசோ உள்ளவர் கையில் நேரம் இருக்கும். குழாய் என்று புலே சொன்னது ஓர் அளவுகோல். அதைப் பொருத்திவிட்டால் தயவுக்கு இடம் சுருங்கும். நீரைக் கன அளவில் அளந்து தர வேண்டும் என்ற ஏற்பாடு மகாராஷ்டிரத்தின் சட்டத்துக்குள் முறையாக நுழைந்தது 2005இல்தான். இடையே 122 ஆண்டுகள்.

ஆசூட் நூலின் கடைசி அதிகாரத்தில் அவர் கால்வாயோடு நிற்கவில்லை. மலைச்சரிவுகளிலிருந்து மழையோடு அடித்துச் செல்லப்படும் வண்டலும் இலைச் சத்தும் வயலுக்கே வந்து சேரும்படி வரப்பும் சிற்றணைகளும் கட்ட வேண்டும், போரில்லாக் காலத்தில் சும்மா இருக்கும் ராணுவத்தையும் காவல்துறையையும் அந்த வேலையில் ஈடுபடுத்த வேண்டும், ஏரி குளங்களைத் தூர்வார வேண்டும், நிலத்தடி நீரோட்டம் கண்டு சொல்வோரைக் கொண்டு கிணற்றுக்கு இடம் குறித்து அவர்களுக்குப் பரிசளிக்க வேண்டும், வனத்துறை பறித்த மேய்ச்சல் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் எழுதினார். நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு என்ற பெயரில் இன்று கருத்தரங்கு நடத்துவோர் பேசுவதில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. சீருடை அணிந்தவரை மண்வெட்டி பிடிக்கச் சொல்லும் துணிச்சல் மட்டும் கருத்தரங்குகளில் இல்லை.

அந்நூல் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். சமாஜத்தின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே தம் தீனபந்து இதழில் முதல் இரண்டு அதிகாரங்களை வெளியிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அரசைச் சாடும் மொழி அவரை அஞ்சவைத்தது. சொந்த அணியிலிருந்தே வந்த இந்தத் தயக்கம் புலேவைச் சினமூட்டியது. முழு நூலும் அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. கையெழுத்துப் படியைக் கொண்டு ஊர் ஊராகக் கூட்டங்களில் வாசித்துக் காட்டினார். எழுத்தறியாத குடியானவர்களுக்கு அந்நூல் காது வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

1888 மார்ச்சில் விக்டோரியா அரசியின் மகன் கன்னாட் கோமகனுக்குப் புணேயில் விருந்து நடந்தபோது, நகைகளோடு வந்த பெருமக்கள் நடுவே புலே ஏழைக் குடியானவரின் உடையில் போய் நின்றார். இந்த வைரங்களைப் பார்த்து நாட்டை எடைபோட வேண்டாம், கிராமத்தில் கந்தலோடு இருப்பவர்களே உம் தாயின் குடிகள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பேசினார். அந்த ஆண்டு மே 11இல் பம்பாய் மக்கள் அவருக்கு மகாத்மா என்ற பட்டம் அளித்தனர். சில வாரங்களில் பக்கவாதம் தாக்கி வலது கை செயலிழந்தது. கடைசி நூலான சார்வஜனிக் சத்தியதர்ம புஸ்தகத்தை இடது கையால் எழுதி முடித்தார்.

புலேவின் மீது எனக்கு இருக்கும் மதிப்பு ஒரு கேள்வியைத் தடுக்கவில்லை. வாய்க்காலின் நீளத்தில் நடக்கும் அநீதியை அவர் தெளிவாகக் கண்டார். வாய்க்காலே இல்லாதவரைப் பற்றி அங்கே குறைவாகவே பேசினார். நிலத்தின் தேவைக்கு ஏற்பக் குழாய் என்றால், நிலமற்ற மகருக்கும் மாங்குக்கும் குழாய் எங்கே பொருத்துவது? சூத்திரரும் ஆதிசூத்திரரும் ஒரே உடலின் உறுப்புகள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அரசியலாக மிகப் பெரியது. ஆனால் பாசனச் சட்டம் அவர்களை ஒரே உடலாகப் பார்க்கவில்லை. அது பட்டாவைப் பார்த்தது. அடுத்த அரை நூற்றாண்டில் தக்காணக் கால்வாய்களின் ஓரம் கரும்பு படர்ந்தது. சாஸ்வட் பகுதி மாளிகள் கால்வாய்ப் பாசன ஊர்களுக்குப் போய்க் கரும்பு பயிரிட்டுச் செழித்து, 1930களில் சோலாப்பூர் மாவட்டத்து மாளிநகரில் சொந்தமாகச் சர்க்கரை ஆலையே நிறுவினர். சுதந்திரத்துக்குப் பின் கூட்டுறவு ஆலைகள் வழியாக இடைநிலைச் சாதி நிலவுடைமையாளர்கள் மாநில அரசியலையே கையில் வைத்தனர். கரும்பு வெட்டும் கையில் நீர்ப்பங்கு ஏதும் சேரவில்லை.

இது மகாராஷ்டிரத்தின் தனிக்கதையும் அன்று. நம் தென் மாவட்டக் கண்மாய்கள் பலவற்றில் மடை திறந்து, அடைத்து, வயல் வயலாக நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி பெரும்பாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். எந்த மடைக்கு எத்தனை நாழிகை என்பது அவர் நினைவில் இருக்கும். கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல். தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம், 2000 வந்தபோது நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்கு அமைந்தது ஆயக்கட்டில் நிலம் உடையவருக்கு. மகாராஷ்டிரத்தின் 2005 சட்டமும் அவ்வாறே. வாய்க்கால் தகராறு வழக்குக் கட்டு ஒன்றைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் தேட வேண்டியது நில ஆவணத்தை. அது இல்லாதவர் முப்பது ஆண்டுகள் மதகைத் திறந்து மூடியிருந்தாலும் நீதிமன்றத்தில் அவர் சாட்சியாக நிற்கலாம், உரிமை கோருபவராக நிற்பது கடினம்.

அந்த முடிச்சைத் தளர்த்தும் முயற்சிகள் புலேவின் மண்ணிலேயே நடந்தன. 1972 வறட்சிக்குப் பின், அவரது மூதாதையர் வாழ்ந்த கான்வடி இருக்கும் அதே புரந்தர் வட்டத்தில், நாய்காவ் என்ற ஊரில் விலாஸ்ராவ் சாளுங்கே பாணி பஞ்சாயத்தைத் தொடங்கினார். அங்கே நீர்ப்பங்கு நிலத்தின் பரப்பைப் பொறுத்ததன்று. குடும்பத்தில் எத்தனை தலை என்பதைப் பொறுத்தது. ஒருவருக்கு அரை ஏக்கருக்கான நீர், குடும்பத்துக்கு உச்சவரம்பு இரண்டரை ஏக்கர். நிலமற்றோருக்கும் பங்கு உண்டு. நீரை விழுங்கும் கரும்புக்கு அனுமதி இல்லை. நிலத்தை விற்றாலும் நீருரிமை அதோடு போகாது. 1980களில் சாங்லி மாவட்டத்தில் ஏராளா ஆற்றின் குறுக்கே தாண்டுல்வாடி, பலவாடி ஊர் மக்கள், முக்தி சங்கர்ஷ் இயக்கத்தின் துணையோடு, ஆற்று மணல் விற்ற பணத்தையும் தங்கள் உழைப்பையும் போட்டு ஓர் அணை கட்டினர். அதிலும் நிலமற்ற குடும்பங்களுக்கும் நீர்ப்பங்கு தரும் கொள்கை இருந்தது. அணைக்கு அவர்கள் இட்ட பெயர் பலிராஜா. வாமனன் காலால் மிதித்து அழுத்திய மாவலியைக் குடியானவர்களின் அரசனாக குலாம்கிரியில் மீட்டெடுத்தவர் புலே. பெயர் எங்கிருந்து வந்தது என்று அவ்வூரில் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டும் சிறியவை. பெரிய கால்வாய்கள் எதிலும் இந்த விதி நுழையவில்லை. நிலத்திலிருந்து நீருரிமையைப் பிரித்துத் தலைக்கு இவ்வளவு என்று எழுதும் ஒரு பிரிவைப் பாசனச் சட்டத்தில் சேர்க்க எந்தச் சட்டமன்றமும் இதுவரை முன்வரவில்லை. குடிநீரில்கூட வரலாறு வேகமாக நகரவில்லை. பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்கும் தீர்மானத்தை எஸ்.கே. போலே 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். அதை நடைமுறைப்படுத்த 1927இல் மகாதில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடக்க வேண்டியிருந்தது. சாதி இந்துக்கள் தொடுத்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 மார்ச் ஆனது. ஒரு குளத்துக்குப் பத்தாண்டு.

புலே 1890 நவம்பர் 28 அன்று புணேயில் இறந்தார். தம் உடலை எரிக்காமல் உப்பிட்டுத் தம் வீட்டருகே புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். குடியிருப்புப் பகுதி என்று காரணம் காட்டி, அவர் ஏழு ஆண்டுகள் உறுப்பினராக இருந்த அதே நகராட்சி அனுமதி மறுத்தது. வளர்ப்பு மகன் யஷ்வந்துக்குக் கொள்ளி வைக்கும் உரிமை இல்லை என்று உறவினர்கள் தகராறு செய்ய, சாவித்திரிபாய் தாமே நெருப்புச் சட்டியை ஏந்தி ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். கஞ்ச் பேட்டை வீடு இப்போது நினைவிடம். முற்றத்தில் கிணறு ஒன்று உண்டு.